நவம்பர் முப்பத்தொன்று

அந்த ஆண்டு நவம்பருக்கு முப்பத்தொரு நாள் இருந்தது. எல்லோருக்கும் அல்ல, முப்பத்திரண்டு பேருக்கு மட்டும். இரண்டு கூடைப்பந்து அணிகளின் இருபத்துநான்கு பெண்கள், மூன்று கோச்சுகள், இரண்டு நடுவர்கள், ஸ்கோர் எழுதுகிறவர், ஒரு பஸ் டிரைவர், அரங்கத்துச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் காவலாளி. மற்றவர்கள் முப்பதாம் தேதி படுத்து டிசம்பர் ஒன்றாம் தேதி எழுந்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

அட்டவணை போட்டவர் கோச். ஒவ்வோர் ஆகஸ்டிலும் அவரும், அவருக்குத் துணைக் கோச்சாக இருந்த தம்பியும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பழைய போஸ்டர்களின் பின்பக்கத்தில் சீசன் முழுவதையும் கட்டம் கட்டமாகப் போடுவார்கள். முதல் இரண்டு வாரம் சுமாரான அணிகள், பெண்களுக்குக் கை பழகட்டும். பிறகு பலமான அணி ஒன்று, தலைக்கனம் இறங்கட்டும். வெளியூர் ஆட்டம் மூன்று தொடர்ந்து வரக் கூடாது. நீண்ட பஸ் பயணத்துக்கு மறுநாள் பந்தைத் தொடவே கூடாது. பரீட்சை வாரத்தில் ஆட்டம் என்று வாயையே திறக்கக் கூடாது, பெற்றோர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் லீக் அலுவலகம் அனுப்பும் தேதிகள் வேறு.

அந்த ஆண்டு இன்னொரு தேதியும் இருந்தது. டிசம்பர் ஒன்றாம் தேதி கோச்சுக்குத் தொண்டையில் ஆபரேஷன். "கட்டியை எடுத்தா குரல் போயிரும். எடுக்கலைன்னா நீங்க போயிருவீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோச் அழவில்லை. குரல் இருக்கும்போதே மீசையின் அணியோடு ஒரு தடவை மோதிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. மீசை என்பது பக்கத்து ஊர்க் கோச்சின் பட்டப்பெயர். பதினோரு ஆண்டுகளாக அவருடைய அணியை இவர்கள் ஜெயித்ததில்லை. ஆனால் அவருடைய அரங்கம் மாதக் கடைசியில்தான் கிடைக்கும் என்றார்கள், அந்த வாரமோ இவர்களுக்கு மூச்சுவிட இடமில்லை. அக்காவும் தம்பியும் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் தம்பிதான் பார்த்தான். "அக்கா, கடைசியில ஒரு கட்டம் காலியாத்தானே இருக்கு?" கோச் கண்ணை மூடிக்கொண்டு அதில் மீசையின் ஊரை எழுதினார். விஷயம் இதுதான். கோச் எப்போதும் அக்டோபர் தாளை அடியில் வைத்து, அதன் மேலேயே நவம்பருக்குக் கோடு போடுவார். அதனால் நவம்பரிலும் முப்பத்தொரு கட்டம் விழும். கடைசிக் கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவது வழக்கம். இந்த முறை அந்தப் பென்சிலை, பெண்களின் ஷூக்களில் எண் எழுதவென்று தம்பி கொண்டுபோனவன் திருப்பி வைக்கவில்லை.

கடிதம் போயிற்று. மீசை சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். நடுவர்களும் போட்டார்கள். எல்லோரும் கிழமையைப் பார்த்தார்களே தவிர, தேதியை யாரும் பார்க்கவில்லை. இருபத்தொன்பதாம் தேதி பஸ் டிரைவர்தான் அட்டவணையைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு நாளே கிடையாதேம்மா" என்றார். கோச் மீசைக்குப் போன் செய்தார். மீசை சொன்ன பதில் இதுதான்: "கையெழுத்துப் போட்டாச்சு. நாங்க வந்து நிப்போம். நாள் வருதா இல்லையாங்கறது அதோட பாடு."

நாள் வந்தது. பேப்பர் வரவில்லை, பால் வரவில்லை, கடைகள் திறக்கவில்லை. சிக்னல் விளக்குகள் எரியாதபோதும் டிரைவர் ஒவ்வொன்றிலும் நின்று நிதானித்துத்தான் போனார், பழக்கதோஷம். அரங்கத்து வாசலில் காவலாளி சாவியோடு காத்திருந்தார். ஆட்டம் முழுவதும் கோச் தொண்டை கிழியக் கத்தினார், மிச்சம் வைத்து என்ன செய்யப்போகிறார்? இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. குரல் போயிற்று, கோச் பிழைத்தார்.

அப்படி ஒரு தேதி இல்லை என்று லீக் அலுவலகம் வெற்றியைத் தள்ளுபடி செய்தது. மீசை வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருடைய பதினோரு ஆண்டுப் பெருமை அப்படியே இருந்திருக்கும். அவரோ, "அன்றைக்கு நாங்கள் தோற்றோம், நன்றாகவே தோற்றோம்" என்று தன் கைப்பட எழுதி அனுப்பினார். அலுவலகம் மசியவில்லை. அந்தக் கடிதத்தின் நகல் இன்றும் கோச் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

அடுத்த ஆகஸ்டிலும் கோச் அக்டோபர் தாளின் மேல்தான் கோடு போட்டார். கடைசிக் கட்டத்தை அடிக்கவில்லை. தம்பியும் ஏன் என்று கேட்கவில்லை. நவம்பர் முப்பத்தொன்று காலையில் அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "டேய், பஸ் வந்தாச்சா?" என்று கூடத்திலிருந்து பழைய கனத்த குரல் கேட்டது. பிரஷ் கீழே விழுந்தது. பிறகு டாக்டரிடம் சொன்னபோது அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் ஆபரேஷன் பண்ணது ஒண்ணாம் தேதி. அதுக்கு முந்தின நாளுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்றார். அது நியாயமாகவே பட்டது.

அன்று மீசையின் அணியோடு ஆட்டம் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பேச முடியாத அந்த ஆண்டு முழுவதும் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கோச் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததை வாய்விட்டுப் படித்தார். சிக்னலில் நின்று போனதற்காக டிரைவருக்கு, காத்திருந்ததற்காகக் காவலாளிக்கு, பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக. மீசைக்குச் சொன்னபோது அவர் மேற்கூரையைப் பார்த்தபடி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நடுவர்கள் விசிலைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் தம்பியின் பெயர் இருந்தது.

"சிவப்புப் பென்சிலைத் திருப்பி வைக்காம இருந்தியே, அதுக்குடா" என்றார் கோச்.

தம்பியால் பேச முடியவில்லை. அந்தக் குடும்பத்தில் பேசுவதற்கு அன்றைக்கு வேறு ஆள் இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. அதன் பிறகு எல்லா ஆண்டும் அந்த நாள் வருகிறது, அந்த ஒரு நாளுக்கு மட்டும் அந்தக் குரலும். அக்காவும் தம்பியும் ஆகஸ்டில் மேசையைத் துடைத்துவிட்டு உட்காரும்போது அந்தக் கட்டத்தைத்தான் முதலில் நிரப்புகிறார்கள். மற்ற ஆட்டங்கள் அதற்குத் தக்கபடி இடம் பார்த்துக்கொள்கின்றன.