முதல் ஆறு மாதம்

வேனிலிருந்து முதலில் கட்டிலை இறக்கினார்கள், அப்புறம் அம்மாவை. கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். கட்டிலின் சட்டங்களை அவரைத் தாண்டித்தான் உள்ளறைக்குக் கொண்டுபோக வேண்டும். துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். "சாவு வீட்டுக்கு யாராவது மெத்தையோட வருவாங்களா?" என்று ஒருவர் முணுமுணுத்தது தங்கையின் காதில் நன்றாகவே விழுந்தது.

அவளுக்கு வேறு வழியில்லை. இன்று பத்து மணிக்கு அம்மாவை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விடுவதாகப் போன வாரமே ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு அண்ணன் குளியலறையில் விழுந்தார். செய்தி வந்து சேர்ந்தபோது கட்டிலைக் கழற்றி வேனில் ஏற்றியாகிவிட்டது. படுக்கையில் கிடக்கும் அம்மாவை வெறும் தரையில் தனியாகப் போட்டுவிட்டு வரமுடியுமா? மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டாள்.

அண்ணன் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வீட்டையும் அப்படித்தான் ஓட்டினார். அலமாரிக் கதவின் உள்பக்கம் கட்டம் போட்ட ஒரு தாள். மாடி கட்டுவது, தொப்பையைக் குறைப்பது, ஓய்வு பெறுவது என்று பதினைந்து வருடத்துக்குக் கோடு இழுத்து வைத்திருந்தார். அதில் அம்மாவுக்கும் ஒரு வரிசை உண்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதய டாக்டர், "ரெண்டு வருசம், மிஞ்சிப்போனா மூணு" என்று சொன்னதும் அண்ணன் மூன்று கட்டங்களுக்குப் பச்சை அடித்து, 'தங்கை' என்று எழுதினார். "மூணு வருசம் வீட்டோட இருந்து பாத்துக்கோ. அதுக்கப்புறம் உன் வாழ்க்கை. நீ என்ன செஞ்சாலும் நான் பின்னாடி நிக்கிறேன்" என்றார். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகில் பல் பதிப்பதில் அவள் கையை மிஞ்ச ஆளில்லை. விட்டுவிட்டு வந்தாள். பெற்றவள் சாகும் வருடத்தைக் கட்டம் போட்டு வைப்பது தப்பு என்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அம்மாவே பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

நான்காவது வருடம் வந்தது. அம்மாவும் இருந்தாள். அண்ணன் அம்மாவின் வரிசையில் ஒரு அட்டைத் துண்டை ஒட்டினார். ஐந்தாவது வருடம் இன்னொன்று, ஆறாவது வருடம் இன்னொன்று. அலமாரிக் கதவு சரியாக மூட மறுத்தது.

போன வாரம்தான் அவருக்குப் புத்தி வந்தது. "தப்பு என்னுதுதான். நாளைக்கு என்ன நடக்கும்னே தெரியல, நான் பாட்டுக்கு வருசக்கணக்குல போட்டுட்டேன். இனிமே ஆறு ஆறு மாசம்தான். முதல் ஆறு மாசம் அம்மா எங்கிட்ட. நீ அடுத்த திங்கக்கிழமை வேலைக்குக் கிளம்பு" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக நடக்கக்கூடிய ஒன்றை அண்ணன் போட்டிருக்கிறார் என்று அவள் சந்தோஷத்தில் அழுதாள். பல் செட் கூடத்தின் முதலாளியும் அவள் பழைய இடத்தையே தருவதாகச் சொல்லியிருந்தார்.

இப்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த ஆறு மாதத்தை முடித்துவிட்டுப் போய்த் தொலைந்திருக்கக் கூடாதா என்று அண்ணனின் முகத்தைப் பார்த்தே நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கமும் படவில்லை.

அம்மாவை நாற்காலியில் வைத்துப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். மகனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குப் போட்ட கட்டத்துல நீ போய்ப் படுத்துக்கிட்டியேடா!"

கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் அழுதார்கள்.

மூன்று மணிக்கு அண்ணனை எடுத்துப் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்ட பிறகு, அண்ணி அடுக்களையில் தனியாக நின்றிருந்தாள்.

"அண்ணி, கேக்கக் கூடாத நேரம்தான். திங்கக்கிழமை..."

"தெரியும்."

"அறை தயாரா இருக்கு. கட்டிலையும் மாட்டிட்டாங்க. ஆறு மாசம்னு அண்ணன்தான்..."

"உங்க அண்ணன் சொன்னாரு. நான் சொல்லல. என்னை யாரும் கேக்கவும் இல்ல." அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். "அவரு போனதே எனக்கு இன்னும் மண்டையில ஏறல. உங்கம்மாவைத் தூக்கி உக்கார வைக்க எனக்கு இடுப்பும் இல்ல, மனசும் இல்ல. வேன்காரரை அனுப்பிடாத."

அண்ணி சொன்னதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வேன்காரர் மறுபடி கட்டிலின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே போன் அடித்தது. பல் செட் கூடத்தின் முதலாளி.

"கேள்விப்பட்டேன்மா. மனசைத் தேத்திக்கோ. திங்கக்கிழமையே வரணும்னு இல்ல, இடத்தை வச்சிருக்கேன். ஆனா எனக்கும் ஒரு தேதி தெரியணும்ல? நடக்கிற மாதிரி ஒரு தேதி சொல்லு, போதும்."

"ஒரு நிமிசம் சார். லைன்லயே இருங்க."

அவள் போனைத் தரையில் வைத்துவிட்டு, கீழே விரித்த மெத்தையில் படுத்திருந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். கடைசி நெருங்கும்போது இதயம் தளர்ந்து காலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணுக்கால் பக்கம் அழுத்தினால் விரல் பதிந்த இடம் குழியாகவே நிற்கும். போர்வையை விலக்கி, இடது காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பத்து எண்ணி எடுத்தாள். சதை உடனே எழும்பிவிட்டது. வலது காலிலும் அப்படியே.

"கால் வலிக்குதுன்னு நான் சொல்லவே இல்லையேடி" என்றாள் அம்மா.

தரையில் கிடந்த போனில் முதலாளி ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் இடது காலை மறுபடி மடியில் எடுத்து வைத்து, இந்தமுறை இன்னும் பலமாக அழுத்தினாள்.