கை எட்டிய வரைக்கும்

மனைவி ஹபீஸாவின் கட்டில் கிடந்த இடத்தில் ஜைனுதீன் முட்டிபோட்டு உட்கார்ந்து, சுவரடிப் பலகையைக் கம்பியால் நெம்பினார். கால்மாட்டுப் பலகை ஆணியோடு பெயர்ந்து வந்ததும் குளிர்காற்று மணிக்கட்டில் அடித்தது. குனிந்து பார்த்தார். சுவரைத் தாங்கும் மரக்கட்டைக்கும் காங்கிரீட் தரைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. ஓரிடத்தில் வெளிவெயில் கீற்றாகத் தெரிந்தது.

கடல் கடந்து வந்து, வெஸ்ட் வின்ட்சரில் இந்த வீட்டை வாங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. மூட்டுவலியால் ஹபீஸாவுக்கு மாடி ஏற முடியாமல் போனபோது, இரண்டு வருஷத்துக்கு முன், கராஜை அறையாக மாற்றினார். செய்தவர்கள் பெயின்ட்டெல்லாம் அழகாக அடித்துத் தந்தார்கள். பலகைக்குப் பின்னால் இருப்பதை யார் பார்க்கிறார்கள்? முதல் டிசம்பரிலேயே ஹபீஸா சொன்னாள்.

"ஏங்க, சுவத்துப் பக்கமிருந்து காத்து வருது. காலெல்லாம் விறைச்சுப் போவுது."

அவர் வந்து, நின்றவாக்கில், சுவரில் கை வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் வரலையே. ஒனக்கு ரத்தம் கம்மி. டாக்டர் குடுத்த மாத்திரையை ஒழுங்காப் போடு."

சின்ன ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்தார். அதன் இரைச்சலில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அடுத்த குளிர்காலம் முடியும் தறுவாயில், மார்ச் மாதத்தில், விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு எழுந்திருக்காதவளை எழுப்பப் போனார். உடம்பு சில்லிட்டிருந்தது; மௌத்தாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

அடுத்த மாதம் மகள் மஹ்ஜபீனுக்குப் பிரசவம். குழந்தையோடு அவள் தங்கப்போவது இந்த அறையில்தான். அதற்காகத்தான் பழைய கார்ப்பெட்டை எடுத்துவிட்டு, அடைக்க வேண்டியதை அடைத்துவிடலாம் என்று இன்று உட்கார்ந்தார்.

தலைமாட்டுப் பலகையை நெம்பியபோது காற்று வரவில்லை. இடைவெளி முழுக்கத் துணி. பூப்போட்ட பருத்தித் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, வெண்ணெய் தடவும் கத்தியாலோ எதாலோ பலகைக்கு அடியில் நெருக்கித் திணித்திருந்தது. தலைமாட்டிலிருந்து நடுச்சுவர் வரைதான் இருந்தது. தரையில் உட்கார முடியாதவள். கட்டிலில் படுத்தபடியே கையைத் தொங்கவிட்டுச் செய்திருக்கிறாள். கை எட்டிய வரைக்கும் அடைத்திருக்கிறாள். கால் பக்கம் எட்டவில்லை.

"என்ன வாப்பா அது?"

குழந்தைத் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த மஹ்ஜபீன் வாசலில் வந்து நின்றாள். அவர் ஒரு கீற்றை உருவி நீட்டினார். யாருடைய துணி என்று அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உம்மா குளிருதுன்னு சொன்னா. நான்தான் ரத்தம் கம்மின்னுட்டேன்."

"ரத்தமும் கம்மிதானே வாப்பா."

"காத்தும் வந்திருக்கு."

அவள் கீற்றை விரலில் சுற்றினாள். பிறகு, "எங்கிட்டயும் ஃபோன்ல சொன்னாங்க. தெர்மோஸ்டாட்டை ரெண்டு டிகிரி கூட்டி வைங்கன்னு சொல்லிட்டு மீட்டிங்குக்குப் போயிட்டேன்" என்றாள்.

அவர் இடைவெளியை அடைக்க வாங்கிய ஃபோம் டப்பாவைக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"இதெல்லாம் எடுத்துத்தான் ஆகணுமா?"

"எடுத்தாத்தாம்மா ஃபோம் பிடிக்கும்."

ஒவ்வொரு கீற்றாக உருவி அவளிடம் கொடுத்தார். சில காய்ந்து மடங்கி விறைத்திருந்தன. சிலவற்றில் மண் அப்பியிருந்தது. எல்லாம் வந்ததும் தலைமாட்டிலிருந்து தொடங்கி ஃபோமை அடித்துக்கொண்டே போனார். மஞ்சளாகப் புடைத்து, கட்டையையும் தரையையும் கவ்வியது. நடுச்சுவரைத் தாண்டியதும், டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முட்டியாலேயே நகர்ந்தார். கடைசி மூலைக்கு வந்தபோது டப்பா தீர்ந்து காற்றாகச் சீறியது. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.

பின்னால் மஹ்ஜபீன் கீற்றுகளை நிறைந்த வயிற்றின்மேல் வைத்து நீவி, கிழிசலோடு கிழிசலைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஊதாப் பூ நைட்டி ஒன்றின் இடது கை முழுசாகச் சேர்ந்திருந்தது. வலது கைக்கு இன்னும் துண்டு தேடிக்கொண்டிருந்தாள்.