பொன்னுவேலுக்குப் புரியவில்லை

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் பொழுது போகாததுதான். எங்கள் பயிற்சியின் முடிவு திங்கட்கிழமைதான் வரும், அதுவரை யாரும் ஏற்காட்டை விட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவு. ஏரியை எத்தனை தடவைதான் சுற்றுவது? விடுதியில் சீட்டாட்டத்துக்கு என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே இலக்கியம்.

முதல் வரி இப்படி இருந்தது:

பனி போர்த்திய சேர்வராயன் மலையின் அந்திப் பொழுதில்

(இது மே மாதம். பனியும் இல்லை, போர்வையும் இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது முயற்சி:

ஆசிரியர் என்பவர் யார்? அவர் ஒரு

(யாரென்று எனக்கே தெரியாததால் இதையும் விட்டுவிட்டேன்.)

2

வேறு வழியில்லாமல் நேராகச் சொல்கிறேன். 1987 கோடையில், எம்.ஃபில். படிக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கற்பிக்கச் சொல்லித்தருகிற பயிற்சி ஒன்று இங்கே நடக்கிறது. நடத்துபவர் பேராசிரியர் ஸ்தனிஸ்லாஸ். இடம், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடம். கற்பிக்கப் பழகுவதற்கு எல்லாம் தயார்: கரும்பலகை, சாக்பீஸ், மணி, மதிப்பெண் தாள். பிள்ளைகள் மட்டும் இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் தவிர ஊரே வந்துவிட்ட கல்யாணம் மாதிரி.

அதனால் நாங்களே பிள்ளைகள் ஆனோம். ஒருவர் ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் எட்டாம் வகுப்பாக உட்கார வேண்டும். யார் எந்தப் பிள்ளை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். கெட்டிக்காரன், அரட்டைக்காரன், மந்தமானவன். மந்தமானவனுக்கு வேலை அதிகம். முதலில் தப்பாகப் பதில் சொல்ல வேண்டும். டீச்சர் விளக்கியதும் முகம் மலர்ந்து "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட வேண்டும். அந்த மலர்ச்சிக்கு டீச்சராக நிற்பவருக்கு மதிப்பெண் உண்டு. இன்று நீ எனக்கு மலர்ந்தால் நாளைக்கு நான் உனக்கு மலர்வேன் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நானும் பல பேருக்கு மலர்ந்திருக்கிறேன்.

3

கதாநாயகி இன்பமேரி. எம்.எஸ்ஸி. பௌதிகம். (முந்தைய பிரதியில் அவளுக்கு மான்விழி வைத்திருந்தேன். அவள் போட்டிருப்பது தடித்த கண்ணாடி.)

அவளுடைய அப்பா தேவசிகாமணி, கொட்டச்சேடு பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். எஸ்டேட் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். போக வேறு இடம் கிடையாது. சேலத்தில் ஒரு கல்லூரி, இந்தப் பயிற்சியில் தேறினால் இன்பமேரிக்கு வேலையும் தங்க ஒரு வீடும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு இது சான்றிதழ், அவளுக்குக் கூரை. எல்லோருக்கும் இது தெரியும். பொன்னுவேலுக்கும் தெரியும்.

4

பொன்னுவேல் இந்த மலைக்காரர். அப்பா பலாவும் காப்பியும் வைத்திருக்கும் விவசாயி. பொன்னுவேல் படித்தது தமிழ் எம்.ஏ. செவ்வாய்க்கிழமை இன்பமேரியின் வகுப்பில் அவருக்கு விழுந்தது மந்தமானவன் சீட்டு. எனக்கு, என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, கெட்டிக்காரன் சீட்டு.

பாடம்: மலையில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது?

அவள் கேள்வியை முடிப்பதற்குள் நான் எழுந்து, "காற்றழுத்தம் குறைவு டீச்சர்! அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்!" என்று கத்தினேன். முதல்நாளே அவள் சொல்லிக்கொடுத்த பதில். ஸ்தனிஸ்லாஸ் சார் குறித்துக்கொண்டார்.

அடுத்து பொன்னுவேல் எழுந்தார். தப்பான பதிலைச் சொன்னார். அவள் விளக்கினாள். மலர வேண்டிய நேரம் வந்தது.

"இல்லீங்க டீச்சர். தண்ணிதான் கொதிக்குதே. இன்னும் ரெண்டு வெறகு சேத்து வெச்சா சூடு ஏறாதுங்களா?"

வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது. இன்பமேரி சாக்பீஸை எடுத்துப் படம் போட்டு விளக்கினாள்.

[இங்கே அவள் தந்த விளக்கம் வரவேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.]

"இப்பப் புரிஞ்சுதுங்களா?"

"இன்னும் இல்லீங்க டீச்சர்."

அவள் வேறு மாதிரி தொடங்கினாள். பாதியில் மணி அடித்துவிட்டது. தொகுப்புரை இல்லை, மலர்ச்சியும் இல்லை. சார் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவள் கரும்பலகையை வெகுநேரம் துடைத்தாள்.

5

இந்தப் பொன்னுவேலை என்ன செய்வது? முதலில் அவரைப் பொய் சொல்லத் தெரியாத மகானாக எழுதினேன். பிடிக்கவில்லை. பிறகு பொறாமைக்காரனாக்கினேன். அது இன்னும் நன்றாக வந்தது, அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் ஒரு டீக்கடைக்கு அவரை அழைத்துப்போய் இரண்டு பிரதியையும் படித்துக்காட்டினேன்.

"ஏனுங்க, ஒண்ணுல முனிவராட்டம் இருக்கறேன், இன்னொண்ணுல திருடனாட்டம் இருக்கறேன். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவங்க சொல்லச் சொல்ல நெசமாவே கேக்க ஆரம்பிச்சுட்டனுங்க. நடிக்கறது மறந்துபோச்சு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவே இல்லை.

"அவங்க ஊட்டு நெலம தெரிஞ்சும் இப்படிப் பண்ணிப்போட்டனே. நொம்ப சங்கடமா இருக்குதுங்க."

6

முடிவு அ: ஸ்தனிஸ்லாஸ் சார் கண் கலங்கி, "இவளல்லவோ ஆசிரியை!" என்று முழு மதிப்பெண் போடுகிறார். (அவர் கலங்கி நான் பார்த்தது ஒரே தடவை, விடுதியில் மட்டன் தீர்ந்துபோன அன்று.)

முடிவு ஆ: அவள் தேறவில்லை. ரைட்டர் வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறுகின்றன. இதை எழுதும்போது அழுதேன். அழுதபடியே, என்னமாய் எழுதுகிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த நிமிடம் எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

7

இதோ, பொன்னுவேலும் நானும் இன்னும் உட்கார்ந்திருக்கும் டீக்கடைக்குக் கதாநாயகியே வந்துவிட்டாள். காகிதங்களை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"முடிவு எப்படியோ இருக்கட்டுங்க. இந்த அடைப்புக்குறிக்குள்ள நான் சொன்னதை ஏனுங்க எழுதலை?"

"அது... பிறகு சேர்க்கலாம்னு..."

"அன்னிக்கு உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

என் தலை தானாகவே ஆடத் தொடங்கியது. பழக்கம். பொன்னுவேல் என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க மேரி," என்றேன்.

"மத்தவங்களுக்கு?"

"யாருக்கும் புரிஞ்ச மாதிரி தெரியலைங்க."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாத்துக்கும் புரிஞ்சுது, இவரு ஒருத்தராலதான் என் பொழப்பு போச்சுன்னு அஞ்சு நாளா அழுதுட்டிருக்கறனுங்க," என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கெட்டிக்காரனாக நடித்த எனக்கு, ஒரு பெண்ணின் பாடம் எங்கே முறிந்தது என்பதை அவளிடம் சொல்லக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கடைக்காரரின் பாய்லரைக் காட்டி, "தண்ணி கொதிக்கறதுன்னா என்னங்க? மொதல்ல அதச் சொல்லுங்க," என்றாள்.

பொன்னுவேல் என்னைப் பார்த்தார். நான் பாய்லரைப் பார்த்தேன்.

"தெரியலைங்க," என்றேன்.

"சரி, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்," என்று பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இங்கே மணி இல்லை, மதிப்பெண் தாளும் இல்லை.

கதைக்கு முடிவு வேண்டும் என்பவர்கள் திங்கட்கிழமை வந்து நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று நீங்களும் வேண்டிக்கொண்டால் நல்லது. என்னால் எழுதிக்கொண்டே கேட்க முடியாது. எனக்கு இப்போது வகுப்பு இருக்கிறது.