உள்ளங்கை அகலம்

எருமைக்கடா கயிற்றை அறுத்துக்கொண்டபோது கசாப்புக்காரி தொட்டியில் குடல் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், அவளுடைய மூன்று வயது மகள் கடாவுக்கு நேர் எதிரே வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள். முற்றத்தின் மறுகோடியில் எலும்பு வெட்டிக்கொண்டிருந்த தங்கைதான் கோடாலியோடு ஓடினாள். குழந்தையை வைக்கோல் பக்கம் எட்டி உதைத்தாள். கடாவின் நெற்றியில் ஓங்கிப் போட்டாள். ஒரே போடு. மண்டை பிளந்து, மூக்கில் ரத்தம் கொப்பளிக்க, கடா அவள் காலடியில் சரிந்தது. குழந்தைக்கு முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

வேறு ஊராக இருந்தால் தங்கையைத் தோளில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்கள். இந்த ஊரில், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பத்துப் பேரின் கண்ணிலும் பட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள்.

மலைதான் அங்கே கடவுள். 'அவர்' என்றுதான் சொல்வார்கள். அவர் கண்ணில் படுகிற இடத்தில் யாரும் அவருக்கு முதுகு காட்டக் கூடாது. அதற்காகவே தெருக்களில் மலைப்பக்கமாக ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவர் மறைவில் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம். சுவர் இல்லாத முற்றத்திலும் இறக்கத்திலும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போக வேண்டும். கல்யாண ஊர்வலமும் அப்படித்தான் போகும். மாப்பிள்ளை தடுக்கி விழாத கல்யாணம் அந்த ஊரில் நடந்ததே இல்லை.

சிரிப்பு அதோடு சரி. முதுகு காட்டியவரின் முதுகிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குத் தோலை, கழுத்திலிருந்து இடுப்பு வரை உரித்து மலைக்குக் கொடுக்க வேண்டும். முழுசாக உரிபட்டவர்கள் நாலைந்து நாளில் புண் அழுகிச் செத்தார்கள். பாதியில் தோல் கிழிந்துவிட்டால் மட்டும், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். ஆளை அவிழ்த்து விட்டுவிட வேண்டும். அப்புறம் அந்த முதுகை யாரும் தொடக் கூடாது. உரிப்பது ஊர்க் கசாப்புக்காரியின் வேலை. பதினோரு வருடத்தில் நாற்பத்திரண்டு முதுகுகளை உரித்திருந்தாள். ஒன்றுகூடக் கிழிந்ததில்லை. அதில் அவளுக்குக் கர்வமும் இருந்தது, மூடி மறைப்பானேன்.

அன்று மாலையே நாலு காவல்காரர்கள் வந்து தங்கையை இழுத்துப் போனார்கள். சும்மா போகவில்லை அவள். கோடாலிக் காம்பால் ஒருவனின் முன்பல் மூன்றைக் கொட்டவைத்தாள், இன்னொருவனின் காதைக் கடித்துத் துப்பினாள். அவர்கள் அவள் விலாவில் மிதித்தே அவளை அடக்கினார்கள். குறுக்கே விழுந்த அக்காவுக்கும் வயிற்றில் ஒரு உதை கிடைத்தது.

மறுநாள் காலை மலைக்காரர் கடைக்கு வந்தார். மலையின் காரியங்களையெல்லாம் நடத்திவைக்கிறவர் அவர். வழக்கமாக ஈரல் வாங்க வருவார். அன்று ஈரல் கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில. கத்தியோட வந்துடு."

"ஐயா, அவ என் பொண்ணைக் காப்பாத்தினா."

"நல்ல காரியந்தான். யாரு இல்லேன்னா? ஆனா முதுகு முதுகுதானே."

"வேற யாரையாச்சும் வச்சு உரிச்சுக்குங்க. என்னால ஆகாது."

"உன்னை விட்டா அந்த வேலை தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அவளே அவளை உரிச்சுக்கட்டுமா?" தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டு, அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். கிழிஞ்சா அவ பொழைச்சா. ஆனா நீ வேணும்னே கிழிச்சேன்னு ஒரே ஒரு ஆள் சாட்சி சொன்னாலும், அவ இடத்துல நீ. உனக்குச் சின்னக் குழந்தை இருக்கு. பார்த்து நடந்துக்கோ."

அவர் போனபின் அவள் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தாள். கிழிப்பதென்று தீட்டும்போதே முடிவு செய்துவிட்டாள். ஒரு மாட்டுத் தோலை எடுத்துப் போட்டு, கத்தி நுனியை எங்கே எவ்வளவு தூக்கினால் இயல்பாகக் கிழிந்ததுபோல் இருக்கும் என்று பார்த்துக்கொண்டாள். நல்ல தோலைக் கெடுக்கிறோமே என்று அப்போதும் கை கூசியது.

மலையடிவாரத்துக் கல்லில் தங்கையை முகம் மலையைப் பார்க்க மண்டியிட வைத்து, கைகளைக் கட்டியிருந்தார்கள். ரவிக்கையைக் கிழித்திருந்தார்கள். விலாவெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. பின்னால் ஊரே கூடி நின்றது.

"பாப்பா சாப்பிட்டாளா?" என்று தங்கை கேட்டாள்.

"ரெண்டு வாய்."

"சரி. சீக்கிரம் முடிச்சிடுக்கா. குளிருது."

அக்கா அவள் கழுத்தடியில் கத்தியை வைத்தாள். தங்கை அலறினாள். நாற்பத்திரண்டு பேரும் அப்படித்தான் அலறினார்கள். ரத்தம் முழங்கை வரை ஓடி வழுக்கியது. ஒரு விரல், இரண்டு விரல், ஒரு சாண். தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோல் இறுகியிருக்கும் இடம் வந்ததும் மணிக்கட்டைத் துளி திருப்பினாள். தோல் பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

மலைக்காரர் குனிந்து கிழிந்த துண்டைப் பார்த்தார். அவளையும் பார்த்தார்.

"அவர் வேண்டாம்னுட்டார்," என்றார்.

கூட்டம் கைகூப்பியது. தங்கை மயங்கிச் சாய்ந்தாள். பிழைத்துக்கொள்வாள், ஒரு சாண் புண்தானே, ஆறிவிடும். அக்கா சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதாள்.

"நில்லுங்க," என்றது ஒரு குரல்.

ரொட்டிக்கடைக்காரி. இரண்டு வருடத்துக்கு முன், காற்றில் பறந்த தொப்பியைப் பிடிக்கத் திரும்பிய குற்றத்துக்காக அவளுடைய மகன் இதே கல்லில் உரிபட்டுச் செத்தான். பத்தொன்பது வயது.

"இவ மணிக்கட்டைத் திருப்பினா. நான் பார்த்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா," என்றார் மலைக்காரர்.

"என் புள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கல்லுகிட்டதான் உட்கார்ந்திருந்தேன். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்ல. இவ மணிக்கட்டையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன், மேலேருந்து இடுப்பு வரைக்கும். அது திரும்பவே இல்ல. ரெண்டு வருஷமா கண்ணை மூடினா எனக்கு அந்த மணிக்கட்டுதான். இன்னைக்கு அது திரும்புச்சு." அவள் கிட்டே வந்து கசாப்புக்காரியின் முகத்தில் ஓங்கி அறைந்தாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. "கிழிக்க முடியும்னா என் புள்ளைக்கு ஏன்டி கிழிக்கல?"

பயமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். சட்டம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய் என்று அவளுக்கே தெரிந்தது. அந்தப் பையனின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை.

"தோணலக்கா," என்றாள். "நல்லா வரணும்னு மட்டும்தான் தோணிச்சு."

கூட்டத்தில் உரிபட்ட நாற்பத்திரண்டு பேரின் வீட்டாரும் இருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு கல் வந்து அவள் தோளில் விழுந்தது. அடுத்தது காதோரம் கிழித்துக்கொண்டு போனது. மலைக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். தங்கையை அவிழ்த்துத் தூக்கிப் போனார்கள். அந்த முதுகை இனி யாரும் தொட முடியாது. அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் கசாப்புக்காரி தானாகவே கல்லருகே போய், ரவிக்கையைக் கழற்றிவிட்டு, மலையைப் பார்த்து மண்டியிட்டாள்.

உரிப்பது யார் என்று மலைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரி குனிந்து கத்தியை எடுத்தாள். மாவு பிசைந்து பிசைந்து காய்த்த கை.

"எங்க ஆரம்பிக்கணும்?"

"கழுத்துக்குக் கீழ ரெண்டு விரல் விட்டு." குரல் உடையாமல் சொல்லிக்கொடுத்தாள். "கத்தியைப் படுக்க வச்சுப் பிடிங்கக்கா. நுனியைத் தூக்கிடாதீங்க, கிழிஞ்சிரும்."

ரொட்டிக்கடைக்காரி தலையாட்டிவிட்டுக் கத்தியைப் படுக்கவைத்தாள்.