ருசா சொன்ன நன்றி

ப்யூனஸ் அயர்ஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் பதினோரு வருடமாக மாத்தே என்ற இலைப் பானத்தை ஊற்றுவது நேலிடாதான். எல்லோருக்கும் ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். வெந்நீர் ஊற்றித் தருவாள். ஒருவர் குடித்துத் திருப்பித் தந்ததும் அடுத்தவருக்கு ஊற்றுவாள். திருப்பித் தரும்போது யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால், போதும், இனி எனக்கு வேண்டாம் என்று பொருள்.

சனிக்கிழமை எவனோ ஒரு பாவி யூதர்களின் ஜெப ஆலயத்துக்குள் பெட்ரோல் குண்டு வீசிவிட்டான். உடன் வேலை பார்க்கும் நொயெமியின் அப்பாவுக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவளே எழுதியிருந்தாள். பதினாலு பேர் படித்தார்கள். நேலிடாவும் படித்தாள், என்ன எழுதுவதென்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. மேலாளர் மட்டும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், எல்லா வன்முறையையும் கண்டிக்கிறாராம். அதில் யூதர் என்ற சொல் தேடினாலும் கிடைக்கவில்லை.

குடுவை இன்னொரு ஊழியன் ஃபாபியான் கைக்கு வந்தது. உறிஞ்சியபடியே நொயெமியிடம் கேட்டான்.

"என்ன ருசா, உங்க ஆளுங்க யாரைச் சீண்டுனாங்களோ? நெருப்பில்லாம புகையுமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கணினியைப் பார்த்தார்கள்.

ருசா என்றால் ரஷ்யாக்காரி. இந்த ஊரில் யூதர் யாரானாலும் அந்தப் பெயர்தான். நொயெமியின் தாத்தா போலந்துக்காரர், ரஷ்யாவைக் கண்ணால் கண்டதில்லை. செல்லமாக என்று சொல்லி அந்தப் பெயரை அவளுக்கு ஒட்டிவிட்டதும் நேலிடாதான்.

நேலிடா குடுவையை வாங்கிக்கொண்டாள். வழக்கம்போல நொயெமிக்கு ஊற்றினாள். நொயெமி கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டுக் குடுவையை நீட்டினாள்.

"நன்றி."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு நேலிடாவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஃபாபியானின் வாய் சாக்கடை, அது தெரிந்த கதை. தன் வாய் எங்கே போயிருந்தது?

அடுத்த சுற்றுக்கு ஃபாபியான் கை நீட்டினான். நேலிடா பிளாஸ்கை மூடினாள்.

"உனக்கு இனிமே என் கையால கிடையாது. குண்டு போட்டவனைக் கேளு, ஊத்தித் தருவான்."

ஒரு தமாஷுக்கு இவ்வளவா என்றான் அவன்.

"கை வெந்து கிடக்காரே, அவர்கிட்ட போய்ச் சொல்லு உன் தமாஷை. சிரிக்கிறாரான்னு பாப்போம்."

அதே சூட்டோடு நொயெமியின் மேசைக்குப் போனாள். "ருசா, அப்பாவுக்கு..." என்று தொடங்கியவள், தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நொயெமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த வீரம் சனிக்கிழமை எங்கடி போச்சு? நான் எழுதுனதை நீ எத்தனை மணிக்குப் பாத்தேன்னுகூட அதுல காட்டுது."

நொயெமி இப்போது திரும்பி அவளைப் பார்த்தாள்.

"முதல்ல என் பேரைச் சொல்லு. அப்புறமா அப்பாவைப் பத்திக் கேளு."

"நொயெமி," என்றாள் நேலிடா. பதினோரு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவளின் பெயர், வாய்க்குப் பழகாமல் தடுக்கித் தடுக்கி வந்தது.