நூற்றுப் பதினெட்டாம் எண் கார்டு பெட்டி

1

இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. வேறு யாராவது எழுதியிருந்தால் ஒரு மழைநாள், ஒரு பழைய புகைப்படம் என்று நாகரிகமாக ஏதாவது காரணம் சொல்லியிருப்பார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. ஒருவரிடம் சொல்லவேண்டிய செய்தியை ஆறு வாரமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சும்மா இருந்தால் வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஒருவர் ஓரின் ட்வேட். எண்பத்தொரு வயது. டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர். விஸ்கான்சினில் ஆல்டர் ஃபால்ஸ் என்ற எங்கள் ஊரின் நூலகத்தில் நான் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். அவர் செவ்வாய்தோறும் வந்து என் மேஜைக்கு எதிரே தொப்பியைக் கழற்றுவார். நாற்பத்தொரு வருடமாக ஒரு கார்டு பெட்டியைத் தேடுகிறார். சரக்கு ரயிலின் வாலில் கோர்த்திருக்கும், கார்டு உட்கார்ந்து வரும் பெட்டி. அது கிடைத்தால் அவருடைய அப்பாவின் பெயரில் ஒட்டிய கறை போய்விடும்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"1957 ஏப்ரலில், மூடுபனி விலகாத ஒரு காலையில், மார்ல் லேக் ரயில்வேயின் சரக்கு ரயில் ஒன்று…" [மூடுபனி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. விபத்து என்றால் மூடுபனி போடும் பழக்கம்.]

"மனித வாழ்வும் ஒரு நீண்ட ரயிலே, அதன் கடைசிப் பெட்டியில் நாம்…" [இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். அழிக்காமல் விட்டது எனக்கான தண்டனை.]

"அப்பாவைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டபோது ஓரினுக்குப் பதினேழு வயது."

இது பரவாயில்லை. உண்மையும்கூட. இதிலிருந்து போகிறேன்.

3

அப்பாவின் பெயர் செல்மர். 118-ஆம் எண் பெட்டியில் கார்டாக வந்தவர். அன்று காலை ஒன்பது மணிக்கு, முன்னால் இருந்த பாலத்தில் ஆட்கள் தண்டவாளம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் ஓட்டுநர் சிவப்புக் கொடியைக் கவனிக்கவில்லை. கார்டு பெட்டியின் கூரைமேல் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. அதில் உட்கார்ந்திருந்த செல்மர் கவனித்தார், இறங்கி ஓடி, குழாய்க் காற்றால் இயங்கும் அவசரப் பிரேக்கின் கைப்பிடியை இழுத்தார். பிரேக் பிடிக்கவில்லை. பாலத்தில் மூன்று பேரும், எஞ்சினோடு கவிழ்ந்த ஓட்டுநரும் செத்தார்கள்.

இது செல்மர் சொன்னது. கம்பெனி சொன்னது வேறு. கார்டு தூங்கிவிட்டார், கைப்பிடியை அவர் தொடவே இல்லை, பிரேக்கைச் சோதித்தோம், அது நன்றாகத்தான் இருக்கிறது. செத்த ஓட்டுநரை என்ன விசாரிக்க முடியும்? உயிரோடு மிஞ்சியவர் செல்மர் மட்டும்தான். மொத்தப் பழியையும் அவர் தலையில் கட்டி வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதன்பிறகு அவர் பட்டாணி டின் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தார். ஊர் அவரைத் தூங்குமூஞ்சி செல்மர் என்றது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் மரியாதையான ஊர். எதையும் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம்.

முகத்துக்கு நேரே சொன்னது மகன் ஒருவன்தான். ஏதோ நடனத்துக்குக் காரைக் கேட்டு, அப்பா தரமாட்டேன் என்ற கோபம். சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னான்.

"பள்ளிக்கூடத்துல என்னை என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? தூங்குமூஞ்சி மகன்னு. நீங்க தூங்கித்தான போனீங்க? ஒத்துக்கிட்டா என்ன?"

செல்மர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தக் குழாய்ல காத்தே இல்லடா. பெட்டிக்கு அடியில போய்ப் பாரு, அடைச்சு வெச்சிருப்பானுங்க" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. 1983-ல் செத்துப்போனார்.

[அப்பாவைப் புதைத்த வாரமே ஓரின் தேட ஆரம்பித்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் நான்கு மாதம் கழித்து. நடுவில் மான் வேட்டைக் காலம் வந்துவிட்டது.]

4

மார்ல் லேக் ரயில்வே செய்த கார்டு பெட்டிகள் மொத்தம் அறுபத்தொன்று. கம்பெனி மூழ்கியதும் கண்டவர்கள் கையில் விற்றுத் தள்ளினார்கள். அதில் முப்பத்தொன்பதை ஓரின் கண்டுபிடித்தார். ஒன்று ஐஸ்கிரீம் கடையாக இருந்தது, ஒன்று ஏரிக்கரையில் வெந்நீராவிக் குளியலறையாக, ஒன்றில் இரண்டு ஆடுகள். உடைத்து இரும்பாக்கியவை என்று இருபத்தொன்றைக் கணக்குத் தீர்த்தார். மீதி ஒன்று, 118.

வெளியே எழுதியிருக்கும் எண்ணை அவர் நம்பவே மாட்டார். வாங்கியவர்கள் இஷ்டத்துக்குப் பெயிண்ட் அடித்து, பிள்ளை பிறந்த வருடத்தையெல்லாம் எண்ணாக எழுதிவைப்பார்கள். அவர் உப்புத்தாளால் ஒரு காசு அகலத்துக்குத் தேய்ப்பார். சிவப்புக்குக் கீழே சாம்பல் வரும், அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே பழைய எண்ணின் ஓரம். அடைத்த ஜன்னலின் தழும்பைத் தடவுவார். சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டத்தில் வார்த்த வருடம் புடைத்திருக்கும், அதைப் பார்ப்பார். 101 முதல் 140 வரை 1946-ல் செய்தவை, மற்ற இருபத்தொன்றும் 1952-ல். எனவே சட்டத்தில் 1952 என்று இருந்தால் அது 118 ஆக முடியாது.

முடியாது என்றுதான் அவரும் நினைத்தார்.

5

1988 வசந்தத்தில் டெல்ஃபீன் குபியாக் என்ற பெண் அவரைக் கூப்பிட்டாள். நெடுஞ்சாலையில் உணவு விடுதி நடத்தியவள். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மூன்று ஊர் ஜனம் அங்கே வரிசை கட்டும். விடுதிக்குப் பின்னால் ஒரு கார்டு பெட்டி கிடந்தது. அவள் அதில் உருளைக்கிழங்கு மூட்டை போட்டுவைத்திருந்தாள். வைத்துக்கொள்ளலாமா, உடைத்துவிடலாமா என்று கேட்டாள்.

ஓரின் போய்ப் பார்த்தார். முன்பு வைத்திருந்தவன் மணல் பீய்ச்சிப் பெயிண்ட்டையெல்லாம் அடியோடு சுரண்டியிருந்தான், தேய்த்துப் பார்க்க ஒன்றும் இல்லை. பெட்டி வயிறு வரை சேற்றில் புதைந்திருந்தது. ஒரு மூலையில் சட்டம் மட்டும் வெளியே தெரிந்தது. அதில் 1952.

அடியில் பார்க்க வேண்டுமானால் மூட்டைகளை இறக்கி, இரண்டு ஆள் வைத்து ஒருநாள் முழுக்கத் தோண்ட வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை வேறு, அவள் மீனை மாவில் புரட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு அந்தம்மாவுக்குத் தொந்தரவு என்று ஓரின் நினைத்தார். எங்கள் ஊரில் வீடு பற்றி எரிந்தால்கூடப் பக்கத்து வீட்டாரைத் தொந்தரவு பண்ணலாமா என்று யோசித்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவோம். கழித்துக் கழித்துப் பார்த்து இது 153 என்று முடிவு கட்டினார். "இரண்டாவது தொகுதி. வரலாற்று மதிப்பு இல்லை" என்று கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதம் அவள் அதை உடைத்தாள்.

இந்த இடத்தில் வாசகருக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. நான் ஒன்றும் புத்திசாலி இல்லை.

6

ஆறு வாரம் முன்பு ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள், பழைய ரயில் பட்டறை மேஸ்திரியின் காகிதங்களை மூன்று பெட்டியாக நூலகத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். இரண்டாவது பெட்டியில் 1961-க்கான பட்டறைப் பதிவு. அதில் பென்சிலில் ஒரு வரி: "153 தீயில் போயிற்று. உடல் உடைப்புக்கு. சக்கரங்கள் சட்டத்தோடு 118-க்கு மாற்றப்பட்டன."

நான் அதை நாலு தடவை படித்தேன். அப்படியானால் 1952 சட்டத்தோடு டெல்ஃபீன் வீட்டுச் சேற்றில் கிடந்தது 118-தான். ஓரினைக் கூப்பிட போனைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு, எதற்கும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளலாம் என்று டெல்ஃபீனைப் பார்க்கப் போனேன். [உறுதி செய்ய இல்லை. தள்ளிப்போட.]

அவளுக்கு இப்போது எண்பத்தொன்பது. முதியோர் இல்லத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். பெட்டியை உடைத்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நினைவிருக்காமல் என்ன, உடைக்க வந்தவன் பாதி வேலையில் பயந்துபோய்ச் சமையலறைக்கே வந்துவிட்டான் என்றாள்.

"எதுக்குப் பயந்தான்?"

"அடியில ஒரு குழாயாம். மேல பெட்டிக்குள்ள போகவேண்டியது, போகாம, கீழயே இரும்பு மூடி வெச்சு வெல்டு பண்ணியிருக்காம். உள்ள கேஸ் கீஸ் இருந்து வெடிச்சிடுமோன்னு கேட்டான். எனக்கென்ன தெரியும்."

"ஓரினைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே?"

"கேட்கலாம்னுதான் இருந்தேன். மதிப்பில்லாத பெட்டின்னு அவரே எழுதிக் கொடுத்துட்டாரு. திரும்ப எதுக்கு அந்த மனுஷனைத் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டேன்." சீட்டைக் கலைத்தபடி கேட்டாள், "ஏன், ஏதாவது முக்கியமா?"

இல்லை என்றேன்.

[எண்பத்தொன்பது வயதுக்காரிக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருக்குமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு பாத்திரம் கதைக்குத் தேவையானதை இப்படி எடுத்து நீட்டினால், எழுதியவரின் கை வேலை என்று நானே கிண்டல் செய்திருப்பேன். நான் இதைக் கற்பனை செய்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.]

7

ஆக, செல்மர் தூங்கவில்லை. குழாயில் காற்று இல்லை. பட்டறைக்காரன் எவனோ பழுதுபார்க்கச் சோம்பல்பட்டு மூடிபோட்டு அடைத்திருக்கிறான். கம்பெனி எந்தப் பெட்டியின் பிரேக்கைச் சோதித்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். மகன் நாற்பத்தொரு வருடம் தேடிய பதில் இதுதான். அதை வேறு யாரும் அழிக்கவில்லை, அவருடைய கையெழுத்துத்தான் அழித்தது. ஒன்றைக் கொடுத்தால் மற்றதும் கூடவே போகும்.

முடிவு அ. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஓரின் பதிவைப் படிக்கிறார். "சரிம்மா, ரொம்ப உபகாரம்" என்கிறார். இங்கே இடி விழுந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார், அங்கே அவர்…

இதைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை. மூன்று தடவை முயன்றேன்.

முடிவு ஆ. அப்பா சொன்னது உண்மை என்பதை மட்டும் சொல்கிறேன். நல்ல முடிவுதான், வேறு யாரிடமாவது எடுபடும். பெயிண்ட்டையே நம்பாத மனிதர் என் பேச்சையா நம்புவார்? எந்தப் பெட்டி, எங்கே, யார் பார்த்தது என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றாவதில் நான் உடைந்துவிடுவேன்.

முடிவு இ. டெல்ஃபீன் போய்விடுவாள். ஓரினும் தேடிக்கொண்டே போய்விடுவார், நம்பிக்கையோடு. இந்த முடிவுக்கு நான் ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம், அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. இதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். என் மேல் எனக்கு வரும் எரிச்சலைப் பார்த்தால், அது சரியான பெயர் இல்லை.

8

இந்தப் பகுதியை எழுதும்போது அவர் வந்துவிட்டார். இன்று செவ்வாய். இருமல் போன வாரத்தைவிட மோசம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஏதாவது கிடைத்ததா என்று வழக்கம்போலக் கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நானும் வழக்கம்போலச் சொன்னேன்.

"சீக்கிரம் பாரும்மா. எங்கப்பாவை நேர்ல பாக்கப்போற வயசு வந்துடுச்சு. அவர் முன்னால வெறுங்கையோட போய் நிக்க முடியாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

பிறகு என் முன்னால் இருந்த காகிதங்களை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, எறும்பு மைல நடந்த மாதிரி?"

"என் பாஷை. ஒரு கதை எழுதுறேன்."

"யாரைப் பத்தி?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். "கார்டு பெட்டி தேடுற ஒருத்தரைப் பத்தி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேல் தாளை எடுத்தார். ஒரு பெட்டியின் பக்கவாட்டைப் பார்ப்பதுபோல இடமிருந்து வலமாக, வரி வரியாகப் பார்த்தார். அது ஆறாவது பகுதி. நான் அதைப் பிடுங்கவில்லை. ஏன் தமிழில் எழுதினேன் என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. இந்த ஊரில் இதைப் படிக்க முடிந்தவள் நான் ஒருத்திதான். அவர் மூக்குக்கு நேரே வைத்து ஒளித்திருக்கிறேன், கெட்டிக்காரி.

தாளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கதையிலயாவது கெடைக்குதா அவனுக்கு?"

நான் வாயைத் திறந்தேன், பிறகு

இல்லை. இதற்குமேல் என்னால் ஆகாது. அவர் எதிரே உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருக்கிறார். இதைப் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் இப்போது நீங்கள். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல, நீங்கள் சொல்லுங்கள்.