ஏழாவது வேட்டு

பர்கூருக்கு மேற்கே ஒரு கல்குவாரியில் ராயப்பன் வேட்டுக்காரன். பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரிக்குத் தீ வைத்துவிட்டு ஓடிவந்து, எத்தனை வெடித்தது என்று எண்ணிச் சொல்வது அவன் வேலை. அவன் சொன்ன பிறகுதான் கல் உடைக்கிறவர்கள் பாறைமேல் ஏறலாம்.

ஐம்பத்து நான்காம் வருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஏழு குழிக்குத் தீ வைத்தான். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஆறு வேட்டுச் சத்தம் கேட்டது. ஏழாவதற்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவனை, மேஸ்திரி திம்மப்பன் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்.

"ஏன்டா, ஏழும் போச்சா இல்லியா? மழையில நிக்க வெக்கிறியே!"

போன மாதம்தான் ஒரு குழி வெடிக்காமல் அரைநாள் வேலை கெட்டது. திரியை நனைய விட்டாய் என்று எல்லார் முன்னாலும் ஏசிய திம்மப்பன், இன்னொரு தடவை என்றால் சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ராயப்பன் கொட்டகைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"போச்சுங்க. கடைசி ரெண்டும் ஒண்ணா வெடிச்சிருச்சு."

வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே தனக்கும் சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டு சேர்ந்து வெடிப்பது உண்டுதான். ஆனால் சேர்ந்து வெடித்தால் காலடி மண் குலுங்கும். அன்றைக்குக் குலுங்கவில்லை.

விளக்கு வைத்ததும் மனைவி இன்னாசியம்மா மாதா படத்துக்கு முன் முழங்காலிட்டாள். "என் பாவமே, என் பாவமே" என்று பாவத்தை ஒப்புக்கொள்ளும் செபம் சொல்லி அவள் மார்பில் தட்டிக்கொண்டபோது, பக்கத்தில் இருந்த ராயப்பனுக்குக் கை எழவில்லை.

சாப்பிடும்போது, தலையைத் தூக்காமலே, "நாளைக்கு நீ வேலைக்கு வர வேணாம்" என்றான். அவளும் அதே குவாரியில்தான் ஜல்லி உடைத்தாள்.

"ஏன், எனக்கென்னா?"

"மழையில நனைஞ்சிருக்கே. வூட்ல இரு."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு கவளமும் வாய்க்குப் போகவில்லை. அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முனிலட்சுமி வரலாமா?"

முனிலட்சுமி அடுத்த வீட்டுக்காரி. கைக்குழந்தையைப் பாறையோரப் புங்கமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் கல் உடைப்பவள்.

"நான் வரக்கூடாதுன்னா அவ மட்டும் வரலாமான்னு கேக்கறேன்."

"ஒரு குழி வெடிக்கல" என்றான் ராயப்பன். "மேஸ்திரிக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன்."

"ஐயோ, வேலை போயிருமேங்க!" என்றாள் அவள். அவளுக்கும் அதுதான் முதலில் வந்தது. விளக்கை அணைக்கப் போகும்போது, "காத்தால நாம முன்னாடி போயிரணும்" என்றாள்.

விடிந்தும் விடியாமலும் இருவரும் குவாரிப் பாதையில் போய் நின்றார்கள். சுத்தியலும் கூடையுமாகப் பெண்கள் வந்தார்கள். ராயப்பன் கையை விரித்து மறித்தான்.

"யாரும் மேல போவாதீங்க. ஏழாவது வெடிக்கல. நேத்து நான் சொன்னது பொய்."

பின்னாலேயே வந்த திம்மப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நேத்து போச்சுன்னே, இன்னிக்கு இல்லேங்கறே. குடிச்சிருக்கியா?"

"இல்லீங்க. உங்களுக்குப் பயந்து சொன்னேன்."

"அப்ப நீயே போய்ப் பாரு!"

ராயப்பன் ஏறினான். செபம் சொல்லப் பார்த்தான். 'சர்வேசுரா' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. சிதறிக் கிடந்த சில்லுகளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கீழே பாதி எரிந்த திரி நீட்டிக்கொண்டிருந்தது. முனிலட்சுமி வழக்கமாக உட்காரும் கல் அங்கிருந்து நாலே எட்டுத் தூரம்தான்.

வெடிக்காத மருந்தைத் தோண்டி எடுக்க முடியாது; தொட்டால் வெடித்துவிடும். தள்ளி வேறு குழி போட்டு, அது வெடிக்கிற வேகத்தில் இதையும் வெடிக்க வைக்க வேண்டும். கூட வர ஒருவரும் முன்வரவில்லை, அவனும் கூப்பிடவில்லை. தனியாகவே உளியைப் பிடித்து அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டான். மற்ற பெண்களை ரோட்டுப் பக்கம் அனுப்பிவிட்ட இன்னாசியம்மா, தான் மட்டும் அவன் தெரிகிற இடத்தில் நின்றாள். "போடி, போயிருடி!" என்று கத்தினான். அவள் அசையவில்லை. குழி முடிய உச்சிவேளை ஆகிவிட்டது.

தீ வைத்துவிட்டு ஓடினான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் விழுந்தபோது பாறை வெடித்தது. காலடி மண் குலுங்கியது. புங்கமரத்தின் ஒரு கிளை முறிந்து தொங்கியது.

திம்மப்பன் சீட்டைக் கிழிக்கவில்லை. ஆனால் அன்றோடு அவனை வேட்டு வேலையிலிருந்து எடுத்து, லாரிக்குக் கல் சுமக்கப் போட்டார். அது நியாயம்தான் என்று ராயப்பனுக்கே பட்டது. பெண்கள் சிலர் அவனைக் கும்பிட்டார்கள். பொய் சொன்ன இரவு வீட்டில் நடந்ததை இன்னாசியம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட முனிலட்சுமி மட்டும் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றாள்.

"நேரா கேக்கறேண்ணா. உன் பொண்டாட்டி ஒண்ணும் கேக்காம இருந்திருந்தா, எனக்கு சொல்லியிருப்பியா?"

ராயப்பனுக்கு மறுபடியும் அதே பயம் வந்தது. இந்தத் தடவை அவன் பொய் சொல்லவில்லை.

"தெரியலம்மா" என்றான்.